55 வினாடிப் பாட்டு வகுப்பு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பாட்டு வகுப்பு நடந்துவிடுகிறது. அதன் நீளம் 55 வினாடி. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் வெளியான அரசாணை, அதை முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில் 55 வினாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. இசைத்தட்டை ஓடவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

வருடத்துக்கு 200 நாள் என்று கணக்கு வைத்தால், பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை மனோன்மணீயம் சுந்தரனாரின் வரிகளை, எம்.எஸ். விசுவநாதன் மெட்டில், ஏறக்குறைய 2,000 தடவை பாடியிருக்கும். மோகனத்துக்கு ஐந்தே சுரங்கள், மத்திமமும் நிஷாதமும் அதில் கிடையாது என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தான் முணுமுணுக்கும் சினிமாப் பாட்டுகளில் சில அதே ஐந்து சுரங்களில் அமைந்தவை என்பதும் தெரியாது. சொல்லித்தருவதற்குப் பெரும்பாலான பள்ளிகளில் பாட்டு டீச்சரே இல்லை. ‘பயிற்சி பெற்றவர்கள்’ என்று அரசாணை சொல்கிறது. அந்தப் பயிற்சியை எங்கே பெறுவது என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

சட்டம் இதை மறக்கவில்லை. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால், கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். சம்பளம் பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் ஓயவில்லை. வீட்டு வாடகைக்கே தட்டுப்பாடாக இருக்கும் ஒருவர் எத்தனை ஆண்டு சுருதி பிசகாமல் சரளி வரிசை சொல்லித்தர முடியும்?

டீச்சர் இருக்கும் பள்ளியிலும் பீரியட் தப்புவதில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு சார் வந்து பாட்டு வகுப்பைக் கடன் கேட்பார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கணக்கு சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டு வகுப்பு போனதைப் பற்றி அவரிடம் கேட்பாரில்லை. தலைமையாசிரியரிடமும் பெற்றோர் வந்து கேட்பதில்லை. பள்ளியில் இசை தளர்வதற்குப் பணத்தட்டுப்பாட்டைவிட இந்தக் கேட்பாரின்மையே பெரிய காரணம்.

2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா அந்த நிலையைக் கொஞ்சம் அசைத்தது. பறையும் வில்லுப்பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் அரசுப் பள்ளி மேடைக்கு வந்தன. வென்றவர்கள் கலையரசன், கலையரசி என்று பட்டம் பெற்றார்கள். உண்மையிலேயே நல்ல தொடக்கம். ஆனாலும் போட்டி என்பது அறுவடை நாள் மாதிரி. ஆண்டு முழுக்க விதைக்காத நிலத்தில் அன்றைக்கு மட்டும் அரிவாளோடு போய் நின்றால், ஏற்கெனவே வீட்டில் கற்றுக்கொண்ட பிள்ளைதான் பரிசு வாங்கும். 1957இலிருந்து பள்ளிக் கலோத்சவம் நடத்தும் கேரளம் அதை அனுபவத்தில் கண்டிருக்கிறது. ஊரே திரண்டு பார்க்கும் விழா அது. கூடவே, தனிப் பயிற்சிக்குப் பெற்றோர் செய்யும் செலவும் முடிவை எதிர்த்துத் தொடரும் மேல்முறையீடுகளும் அங்கே தீராத புகார். மேடை வேண்டும், அதற்கு முன்னால் வாரம் ஒரு வகுப்பு வேண்டும்.

அந்த வகுப்பைக் கேட்டு வாங்கும் பழக்கம் தமிழ் ஊர்களுக்குப் புதிதில்லை. 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. காமராசர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைத்தார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம் என்று ஊரார் அள்ளிக் கொடுத்தார்கள். அடுத்தடுத்து மாநிலம் முழுவதும் அந்த மாநாடுகள் நடந்தன. அதன் பேரப்பிள்ளை என்று இன்றைய ‘கல்விச் சீர்’ வழக்கத்தைச் சொல்லலாம். பீரோ, நாற்காலி, மின்விசிறி, பாய், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் தாய்மாமன் சீர்போலத் தட்டில் வைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாக அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். பார்க்கவே கண் நிறையும். அந்தத் தட்டுகளில் ஒரு சுருதிப் பெட்டியோ ஒரு ஜோடி தாளமோ இருப்பது அரிது. கொடுக்க மனமில்லாமல் இல்லை. பள்ளி கொடுக்கும் பட்டியலில் அவை இருப்பதில்லை.

ஆகவே முதல் வேலை ஆசிரியரிடம் இருக்கிறது: பட்டியலில் எழுதுவது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். அங்கே ‘கலை வளர்ச்சிக்கு ஆவன செய்தல்’ என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. சுருதிப் பெட்டி ஒன்று, மிருதங்கம் ஒன்று, பறை ஆறு, பூட்டு உள்ள அலமாரி ஒன்று, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் என்று எழுதினால் நடக்கும். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளிக்கு உதவ 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்திடமும் இப்படிப் பெயரும் எண்ணிக்கையும் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை, பாட்டை மதில் சுவருக்கு வெளியே கொண்டுபோவது. ஆண்டு விழாவில் மட்டும் பாடினால், வருவது பெரும்பாலும் பாடும் பிள்ளையின் அம்மா அப்பாதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடும் நாள்கள் ஊருக்கே தெரியும். கோடை விடுமுறைக்கு வெளியே வரும் கூட்டத்தைப் பதினைந்து பிள்ளைகள் மூன்று பாட்டோடு தொடங்கிவைக்கட்டும். ஒலிபெருக்கிகூட வேண்டியதில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், ஒரே மெட்டை வேறு தாளத்தில் பாடிக்காட்டி அது எப்படி மாறுகிறது என்று ஒரு மாணவி விளக்கட்டும். பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் அங்கே ஒரு பாடத்தைப் பார்ப்பார்கள். இசை மூளையை வளர்க்கும், மதிப்பெண்ணைக் கூட்டும் என்றெல்லாம் ஆசிரியர் வாதாடத் தேவையில்லை. மதிப்பெண்ணைக் காட்டிக் கேட்ட வகுப்பு, மதிப்பெண் கூடாத வருடத்தில் பறிபோகும்.

சொல்லித்தர ஆள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பதில், பல ஊர்களில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டு படித்துச் சான்றிதழோடு வெளிவந்தவர்கள், கல்யாண சீசனுக்குக் காத்திருக்கிறார்கள். கருவி செய்பவர்களிடமும் பாடம் கேட்கலாம். மானாமதுரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடம் சுடப்படும் சூளையை நேரில் பார்க்கலாம். ஆடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடையும் பட்டறை இருக்கிறது.

ஒன்றை மட்டும் மூடிமறைக்காமல் பேச வேண்டும். ஊரில் மிக நன்றாக வாசிப்பவர் பல இடங்களில் பறைக் கலைஞர். அவரை ஆசிரியராக அழைக்க ஊர் தயங்குகிறது. சாவுக்கு அடிக்கும் வாத்தியத்தைப் பிள்ளை தொடுவதா என்று முணுமுணுப்பும் எழலாம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையைப் பலருக்கும் கற்றுக்கொடுப்பதைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் அவர். நாடு மதித்த கலையைச் சொல்லித்தருபவர் பள்ளிக்குள் வந்து, நாற்காலியில் அமர்ந்து, ‘சார்’ என்று அழைக்கப்படுவதே அந்த முணுமுணுப்புக்குப் பதில். அந்த நாற்காலியை எடுத்துப்போடும் பொறுப்பு தலைமையாசிரியருடையது.

கடல் கடந்தால் சில மைல் தூரத்தில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. இலங்கைப் பள்ளிகளில் அழகியல் ஒரு பாடம். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்பவற்றில் ஒன்றை இடைநிலை வகுப்பு மாணவர் எடுத்தே ஆக வேண்டும். சாதாரண தரத் தேர்விலும் அதை எழுதலாம். அதனால் யாழ்ப்பாணத்துப் பாட்டு டீச்சர் மற்றப் பாட ஆசிரியர்களுக்குச் சமமான பாட ஆசிரியர். பள்ளிக்கு வெளியே சமூகமும் துணை நிற்கிறது. வட இலங்கை சங்கீத சபை தலைமுறைகளாகத் தரம் தரமாகப் பரீட்சை வைத்து, கடைசிப் படியைத் தாண்டியவருக்குக் கலாவித்தகர் பட்டம் தருகிறது. போர்க்காலத்தையும் தாண்டி இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு, பாடத்திட்டத்தில் இடமும் ஊரின் அக்கறையும் ஒன்றையொன்று தாங்கியதே காரணம் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் ஊரின் அக்கறையைச் சாக்காக வைத்து அரசு ஒதுங்கிவிடக் கூடாது. மிருதங்கத்தை ஊர் வாங்கித்தரலாம், அலமாரியை முன்னாள் மாணவர் தரலாம். ஆசிரியர் சம்பளம் நன்கொடையில் ஓடக் கூடாது. கொடுத்தவர் கையைச் சுருக்கினால் அந்த வருடத்தோடு வகுப்பு நின்றுவிடும். நிரந்தரப் பணியிடம், கால அட்டவணையில் கை வைக்க முடியாத இரண்டு பீரியட் ஆகியவற்றுக்கு மேலாண்மைக் குழுவும் கிராமசபையும் தீர்மானம் போட்டுக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

அடுத்த கல்விச் சீர் ஊர்வலத்திலும் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் முன்னால் வாசித்துக்கொண்டு வருவார்கள். பள்ளி வாசலில் தட்டுகள் உள்ளே போகும், அவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அன்றைக்கு அவர்களையும் உள்ளே அழைத்து, ஏழாம் வகுப்பில் அரை மணி நேரம் உட்காரவைக்கலாம். பிள்ளைகள் தினமும் பாடும் அந்த 55 வினாடிப் பாட்டை நாதஸ்வரத்தில் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, ஐந்து சுரங்களையும் தனித்தனியாக ஊதிக்காட்டச் சொல்லலாம்.