லாரிக்கு முன்னே ஒரு நோட்டு

2004 டிசம்பர் 26க்குப் பிந்தைய நாட்களில் நாகப்பட்டினத்துக்குள் நுழைந்தவர்களின் கண்ணில் பட்டவற்றுள் துணியும் ஒன்று. சாலையோரங்களில் குவியல் குவியலாகப் பழைய சேலைகள், சட்டைகள், பாவாடைகள். எங்கோ தொலைவில் யாரோ மனம் பதறி, பீரோவைத் திறந்து அள்ளிக் கொடுத்தவை. லாரியில் வந்த அவற்றை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தெருவோரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். கடலில் உழைத்துச் சாப்பிட்டுப் பழகிய மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்திக் கழித்த துணியை வாங்க மறுத்தன. வீடும் வலையும் போயிருந்தன, மானம் போகவில்லை. கடைசியில் அந்தக் குவியல்களை அள்ளி அப்புறப்படுத்துவதே உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் தனி வேலையாக விழுந்தது.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன வேண்டும், எந்த ஊருக்கு வேண்டும் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் பழுது.

தமிழகத்தில் சுனாமி கொண்டுபோன ஏறத்தாழ 8,000 உயிர்களில் 6,000க்கும் மேற்பட்டவை நாகை மாவட்டத்தில் மட்டும் போனவை. அந்த ஒரு மாவட்டத்துக்கு 400க்கும் அதிகமான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. உலகறிந்த பெரிய அமைப்புகளும் இருந்தன. நேற்று இரவு நண்பர்கள் நாலு பேர் பேசி முடிவெடுத்து வேன் பிடித்து வந்த குழுக்களும் இருந்தன. ஊரின் பெயர்கூட உச்சரிக்க வராதவர்கள், தொலைக்காட்சியில் பார்த்த அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் வழி கேட்டார்கள். தொலைக்காட்சியில் வராத குப்பங்களுக்கு வழி கேட்க யாருக்குத் தோன்றும்?

அந்தக் குழப்பத்துக்கு நடுவில் நடந்த ஒரு காரியத்தைத் தமிழகம் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை. சிஃப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையில் பல ஆண்டுகளாக மீனவப் பெண்களிடையே வேலை செய்துவந்த சினேகா அமைப்பும் சேர்ந்து, சில நாட்களிலேயே ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. மாவட்ட நிர்வாகம் இடம் கொடுத்தது, காது கொடுத்தது. மையத்தின் வேலை சோறு போடுவதோ வீடு கட்டுவதோ இல்லை. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், எந்த ஊரில் யாருமே இல்லை, எங்கே எது மிஞ்சுகிறது, எங்கே எது குறைகிறது என்று எழுதி வைப்பதும், வருகிறவர்களிடம் அதைச் சொல்வதும்தான் வேலை. தற்காலிகக் குடியிருப்பு, வாழ்வாதாரம், சுகாதாரம், மனநலம் என்று துறைவாரியாக அமைப்புகளை உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். பிறகு கிராமங்களிலேயே தகவல் மையங்கள் வந்தன. அரசு ஆணை என்ன சொல்கிறது, தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஒரு மீனவப் பெண் நாகை வரை பஸ் ஏறாமல் தன் ஊரிலேயே கேட்க முடிந்தது.

பட்டியல் என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். சோழமண்டலக் கடற்கரை மீனவ ஊர்களில் கணக்கு தலைக்கட்டில்தான் நடக்கும். திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு; அவர்தான் ஊருக்கு வரி கட்டுவார், ஊர்ப் பஞ்சாயத்தின் பங்கும் அவருக்குத்தான். கோயில் திருவிழாவுக்கு இந்தக் கணக்கு போதும். நிவாரணப் பொருளும் அதே கணக்கில் பிரிக்கப்பட்டபோது பல இடங்களில் விதவைகளும் கணவனைப் பிரிந்து வாழ்பவர்களும் விடுபட்டார்கள். மீனவக் குப்பத்தை ஒட்டி வாழ்ந்த தலித் குடும்பங்கள், மீன் சுமந்தும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தும் பிழைத்தவர்கள், கடலுக்குப் போகாதவர்கள் என்பதால் முதல் பட்டியல்களில் இடம்பெறாமல் போனார்கள். வெளியூரிலிருந்து லாரியில் வந்து, ஊர்த் தலைவர் கையில் நூறு மூட்டையை ஒப்படைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு இது எப்படித் தெரியும்? உள்ளூரில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குத்தான் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

அந்த மையத்தாலும் எல்லாவற்றையும் தடுக்க முடியவில்லை. படகு விஷயம் கைமீறிப் போனது. நன்கொடையாளர்களுக்குப் படகு பிடித்திருந்தது. பெயர் எழுதலாம், வரிசையாக நிறுத்திக் கொடுக்கலாம். ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. ஒருவரோ இருவரோ தள்ளிக்கொண்டு போகும் கட்டுமரத்தின் இடத்தை நாலைந்து ஆள் வேண்டிய படகு பிடித்தது. சில ஊர்களில் சுனாமிக்கு முன்பிருந்ததைவிடப் படகு அதிகம், கூட ஏற ஆள் குறைவு. வலைகட்டியும் மீன் விற்றும் கருவாடு போட்டும் பிழைத்த பெண்களுக்குத் தொழில் மீளும் வழி காட்ட அதே ஆர்வத்தோடு பணம் வரவில்லை. ஆலோசனை சொல்லும் இடம் இருந்தது. கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. அடுத்த முறை அமைக்கும்போது முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கையில் செல்போன் இருந்தது. முதல் இரண்டு நாளில் இளைஞர்கள் செய்ததை இந்த நகரம் மறக்கக் கூடாது. கூகுள் தாளில் பட்டியல் போட்டார்கள், இரவெல்லாம் அழைப்பை எடுத்தார்கள், பட்டினப்பாக்கம் போன்ற குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு முடிவே கிடையாது. மாடியில் தவிக்கும் முதியவரை மதியம் மீட்டு மண்டபத்தில் சேர்த்த பிறகும் அவருக்காக உதவி கேட்கும் செய்தி இரவு வரை ஊரைச் சுற்றும். இன்னொரு படகு அதே மாடிக்குப் போய்த் திரும்பும். ‘மீட்டாயிற்று’ என்று குறிக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே இடம் இல்லாததால் வந்த வினை இது.

அந்தச் சென்னை வெள்ளத்துக்கு உதவத்தான் கொச்சியில் ‘அன்போடு கொச்சி’ என்ற தன்னார்வக் குழு உருவானது. மூன்று ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளமே மூழ்கியபோது அவர்கள் பழக்கப்பட்டவர்களாக நின்றார்கள். அரசின் மீட்பு இணையதளத்தை மென்பொருள் இளைஞர்கள் அரசுடன் சேர்ந்தே நடத்தினார்கள். கடற்கரையிலிருந்து 669 படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்த மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அரசு கணக்குச் சொன்னது. கடல் தெரிந்தவருக்கு ஆற்றுவெள்ளம் மூடிய தெரு தெரியாது. எங்கே மதில், எங்கே மின்கம்பி என்று படகில் உட்கார்ந்து கைகாட்ட உள்ளூர்ப் பையன்கள் தேவைப்பட்டார்கள். 2020இல் கேரள அரசு, நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நிரந்தரத் தன்னார்வப் படை ஒன்றை அமைக்க முனைந்தது. வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் கலைந்துபோக விடக் கூடாது என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதே 2018இல், நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்து கிடந்தன. தமிழகமெங்கும் இருந்து வண்டிகள் புறப்பட்டன, மறுபடியும் பிரதான சாலையோடு நின்றன. உள்கிராமங்களிலிருந்து மக்கள் சாலைக்கு நடந்துவந்து வண்டிகளை மறித்தார்கள். அரிசியும் பிஸ்கட்டும் வந்தன; அந்த ஊர்களுக்கு அன்று உயிர்நாடியாக இருந்தவை தார்ப்பாய், மரம் அறுக்கும் இயந்திரம், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டர். மின்சாரம் இல்லாத ஊரில் குடிதண்ணீரும் இருக்காது என்பது அந்த ஊர்க்காரருக்கு முதல் மணி நேரத்திலேயே தெரியும். அவர் அதை யாரிடம் சொல்வது?

உள்ளூர்க்காரரின் கை எவ்வளவு விரைவானது என்பதைப் பார்க்க 2023 டிசம்பருக்கு வர வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, அதாவது அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. வெளியிலிருந்து உதவி எட்டுவதற்கு முன் பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரையும் சுற்றித் தண்ணீர்தான். யாரும் கேட்டு அவர்கள் செய்யவில்லை. எந்த அண்டா எங்கே இருக்கிறது, யார் வீட்டில் அரிசி இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. இந்த அறிவை ஒரு பதிவேட்டில் ஏற்றி, வெளியிலிருந்து வரும் பணத்தோடும் வாகனத்தோடும் முடிச்சுப் போடும் பொறுப்பு யாருக்காவது இருக்க வேண்டும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. அடித்தளத்தில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளை ஊக்குவிக்கும் கடமையும் அதற்கு உண்டு. மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்ற இலக்கோடு வந்தது. ஆளுக்கும் குறைவில்லை, ஆணைக்கும் குறைவில்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓர் அறையைத் திறந்து, புதிதாக யாரையோ உட்காரவைத்து, அவருக்கு ஊர்ப் பெயர்கள் பிடிபடுவதற்குள் நாலு நாள் போய்விடுகிறது. பேரிடரில் அந்த நாலு நாள்தான் எல்லாம்.

கடலோர மாவட்டங்களிலும் டெல்டாவிலுமாவது ஆண்டு முழுவதும் இயங்கும் ஒருங்கிணைப்பு மேசை வேண்டும். ஒரு வருவாய்த் துறை அலுவலரும், மாவட்டத்தில் வேரூன்றிய அமைப்புகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒருவரும் அதில் சமமாக உட்கார வேண்டும். லாரி கிளம்பும் முன் அந்த மேசையின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்பது வழக்கமாக வேண்டும். படகு, வீடு போன்ற பெரிய உதவிகளுக்கு அந்த மேசையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். அரசு எல்லாவற்றையும் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடும் என்று தொண்டு அமைப்புகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மேசையின் கணக்கு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும், இரண்டாவது நாற்காலி அரசு ஊழியருடையதாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். அமைப்புகளும் தங்கள் பேனரை ஒரு மாதத்துக்குச் சுருட்டி வைக்கப் பழக வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன் ஆட்சியர் அலுவலகங்களில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்துக்கு உள்ளூர் அமைப்புகளையும் மீனவர் சங்கங்களையும் மகளிர் குழுக்களையும் கூப்பிட்டு ஒரு நோட்டைத் திறக்கட்டும். ஊரின் பெயர். தலைக்கட்டு எத்தனை, தலைக்கட்டில் சேராத வீடு எத்தனை. கைக்குழந்தை இருக்கும் வீடு எது, இன்சுலின் போட்டுக்கொள்பவர் யார், படுத்த படுக்கையாக இருப்பவர் எந்தத் தெருவில். டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், பெரிய அண்டா எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிவாசலில், எந்த மாதா கோயிலில். பள்ளிக்கூடத்தின் சாவி இரவில் யார் வீட்டில் இருக்கிறது.