கன்சோல் வாங்குவதா, கணினிக்குச் சேமிப்பதா?

தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி மூன்று கடைத்தொகுதிகள் இருக்கின்றன. பள்ளி முடிந்த பிற்பகல் வேளையில் அங்குள்ள மின்னணுப் பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், சீருடை அணிந்த மாணவர்கள் சிலரைப் பார்க்கலாம். அவர்கள் பெரும்பாலும் வாங்க வந்தவர்கள் அல்லர். விலையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கன்சோலை இப்போதே வாங்கிவிடலாமா, அல்லது இன்னும் சில காலம் பணம் சேர்த்து விளையாட்டுக்கென்றே அமைந்த கணினியை வாங்கலாமா என்பதுதான் அவர்களுக்குள் நடக்கும் விவாதம்.

பெரியவர்கள் பலருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பதினான்கு வயது மாணவர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு எடுக்கும் முதல் பெரிய முடிவு பெரும்பாலும் இதுதான். அன்றாடக் கைச்செலவில் மிச்சம் பிடித்தது, தீபாவளிக்கு உறவினர்கள் உறையில் வைத்துக் கொடுத்தது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் அது. அதில் குறையும் தொகையைப் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கணினிக்காக வாதாடும் மாணவர் சொல்லும் காரணம் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “கன்சோலில் விளையாட மட்டும்தான் முடியும். கணினி என்றால் படிப்புக்கும் உதவும், அம்மா.” பத்து ஆண்டுகளுக்கு முன்பு இது வலுவான வாதம். ஒரே கணினியை அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பயன்படுத்திய வீடுகள் அப்போது ஏராளம். இன்று நிலைமை அப்படி இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் சாதனம் வேண்டும் என்று கல்வி அமைச்சு 2020இல் அறிவித்தது. முதலில் 2028ஆம் ஆண்டை இலக்காக வைத்திருந்த அத்திட்டம், கொவிட்-19 பரவலால் வேகப்படுத்தப்பட்டு 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறைவேறியது. அச்சாதனத்துக்கு எடுசேவ் கணக்கிலுள்ள பணத்தையும் பயன்படுத்தலாம். கட்டுரை எழுதவும் இணையத்தில் பாடம் படிக்கவும் தேவையான கருவி, ஆக, மாணவரின் பையிலேயே இருக்கிறது.

இரண்டாயிரம் வெள்ளி மதிப்புள்ள விளையாட்டுக் கணினியால் கணக்குப் பாடம் எளிதாகிவிடாது. அதன் விலையில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் அட்டை என்னும் ஒரு பாகத்துக்கே போகிறது. திரையில் ஓடும் காட்சிகளை வேகமாகவும் நுணுக்கமாகவும் வரைந்து காட்டுவது அதன் வேலை. ஒப்படைப்பு எழுதும்போது அது சும்மாதான் இருக்கும். எனவே படிப்பை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை. வாங்கப்போவது விளையாடுவதற்கான பொருள். அதைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிப்பைச் சாக்காகக் காட்டி வாங்கிய கணினியில் மாலை முழுவதும் விளையாட்டு ஓடும்போது தாய்க்கு ஏற்படும் மனக்கசப்பு, கணினியின் விலையைவிடப் பெரியது.

படிப்பு விலகிய பிறகு பணக்கணக்கு தெளிவாகத் தெரியும். பிளேஸ்டேஷன் 5 சிங்கப்பூரில் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது, குறுந்தட்டு போடும் வசதியுள்ள வகை 729 வெள்ளிக்கும், அந்த வசதி இல்லாத வகை 599 வெள்ளிக்கும் விற்றன. அதே தரத்தில் விளையாட உதவும் கணினிக்கு, திரையும் விசைப்பலகையும் சேர்த்து, பொதுவாக அதைப்போல் இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேலும் செலவாகும். இவ்வளவு வேறுபாடு ஏன்? கன்சோலை விற்பதில் நிறுவனம் பெரிய இலாபம் பார்ப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5 தொடக்கத்தில் நட்டத்துக்கே விற்கப்பட்டது. குறுந்தட்டு வகை இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி நிறுவனம் 2021 ஆகஸ்டில்தான் தெரிவித்தது. அந்தப் பணம் பிறகு வேறு வழியில் திரும்பி வருகிறது. விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு உண்டு. கட்டணம் செலுத்தி வாங்கும் விளையாட்டுகள் பலவற்றை இணையத்தில் நண்பர்களுடன் விளையாடத் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அப்படிப்பட்ட சந்தா பொதுவாக இல்லை. 2003இல் தொடங்கிய ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில், சில ஆண்டுகளுக்கு முன் வந்த நல்ல விளையாட்டுகள் தள்ளுபடிக் காலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கே கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், கன்சோல் வாங்கும்போது மலிவு, வைத்திருக்கும்போது செலவு. கணினி அதற்கு நேர்மாறு.

இந்த இடத்தில் கணினிதான் வென்றுவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்கள் காலத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாணவர் உயர்நிலை இரண்டின் தொடக்கத்தில் சேமிக்க ஆரம்பிப்பதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 12 வெள்ளி, தீபாவளிக்கு 200 வெள்ளி. ஓர் ஆண்டில் 824 வெள்ளி சேரும். கன்சோலின் விலை 800 வெள்ளி என்றால், அந்த ஆண்டு டிசம்பரில், பள்ளி விடுமுறையின்போது, அவர் அதை வாங்கிவிடலாம். (ஒரு புதிய விளையாட்டை வாங்கும் அளவுக்குப் பணம் மிஞ்சாது என்பதும் உண்மை.) இரண்டாயிரம் வெள்ளிக் கணினிக்கு அதே வேகத்தில் சேமித்தால் உயர்நிலை நான்கின் ஜூலை மாத இறுதியில்தான் தொகை நிறையும். அதாவது, தேசியத் தேர்வின் எழுத்துத் தாள்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும்போது புத்தம் புதிய விளையாட்டுக் கணினி வீட்டுக்கு வந்து சேரும். இதைவிட மோசமான நேரத்தை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டரை ஆண்டு பொறுத்திருந்தவரிடம், “இன்னும் மூன்று மாதம் பெட்டியைத் திறக்காதே,” என்று சொல்லும் வேலை அப்பாவின் தலையில் விழும்.

பொறுத்திருந்தால் விலை குறையும் என்ற நம்பிக்கையும் இப்போது பலிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்து, 2002இல் 199 டாலராக இறங்கியது. அந்தக் காலத்தில் காத்திருந்தவர்கள் புத்திசாலிகள். பிளேஸ்டேஷன் 5இன் கதை வேறு. இங்கே 2022இல் அதன் விலை 729 வெள்ளியிலிருந்து 799 வெள்ளியாக ஏறியது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் விலை ஏற்றப்பட்டது. கணினிப் பாகங்களும் விதிவிலக்கு அல்ல. 2021இல் மின்னிலக்க நாணயங்களை உருவாக்குவோர் கிராஃபிக்ஸ் அட்டைகளை அள்ளிக்கொண்டு போனதால், விளையாட நினைத்தவர்களுக்கு அவை எட்டாத விலைக்குப் போயின. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. இதற்கிடையே சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023இல் 8 ஆகவும் 2024இல் 9 ஆகவும் உயர்ந்தது. மாணவர் சேமித்துக்கொண்டிருக்கும்போதே இலக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது.

விலைப்பட்டியலில் இடம்பெறாத இன்னொன்றும் இருக்கிறது: பொருள் வீட்டில் எங்கே அமரும் என்பது. தெம்பனிஸின் நான்கறை வீவக வீடுகளில் தொலைக்காட்சி வரவேற்பறையில்தான் இருக்கும். கன்சோலும் அங்கேதான் இருந்தாக வேண்டும். பாட்டி வசந்தம் ஒளிவழியில் தொடர் பார்க்கும் நேரத்தில் விளையாட முடியாது. தம்பி இரண்டாவது கைப்பிடியைக் கேட்டு அழுவான். மாணவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு நேரம் விளையாடுகிறார், எதை விளையாடுகிறார் என்று யாரும் துப்பறிய வேண்டியதில்லை. எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. கணினியோ படுக்கையறை மேசைக்குப் போகும். காதில் ஒலிவாங்கியுடன் கூடிய கருவி ஏறும். கதவு சாத்தப்படும். அதன் பிறகு நேரக் கட்டுப்பாடு முழுவதும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் மனவுறுதியை நம்பியே இருக்கும். பெரியவர்களுக்கே கைப்பேசியை இரவில் கீழே வைக்க முடிவதில்லை.

நண்பர்கள் எதில் விளையாடுகிறார்கள் என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் போன்றவற்றைக் கணினி வைத்திருப்பவரும் கன்சோல் வைத்திருப்பவரும் சேர்ந்தே விளையாடலாம். வெலோரண்ட் அப்படியில்லை, கன்சோலில் விளையாடுபவர் கணினியில் விளையாடும் நண்பருடன் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. வகுப்பில் ஐந்து பேர் கணினியில் வெலோரண்ட் விளையாடும்போது ஆறாவது மாணவருக்குக் கன்சோல் வாங்கிக் கொடுத்தால், அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். அந்தத் தனிமை சிறிய விஷயம் அன்று. இப்படிப்பட்ட மாணவருக்குக் கணினி வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அப்போதும் “நண்பர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்” என்று உள்ளதைச் சொல்லிக் கேட்பது, “படிப்புக்கு வேண்டும்” என்று சொல்வதைவிட மேல்.

கணினி உண்மையிலேயே தேவைப்படும் மாணவர் ஒருவர் உண்டு. விளையாடுவதைவிட விளையாட்டை உருவாக்குவதில் ஆசை கொண்டவர் அவர். பாத்திரத்தை வரைந்து, நிரல் எழுதி, அது ஏன் சுவருக்குள் புகுந்துவிடுகிறது என்று மண்டையைக் குடைந்துகொள்பவர். கடையில் வாங்கும் கன்சோலில் மற்றவர் செய்ததை விளையாடலாம். ஸ்டீமில் விற்கும் விளையாட்டைப் போல ஒன்றை அதிலேயே செய்து வெளியிட முடியாது. ஆனால் அவரும் இரண்டாயிரம் வெள்ளி சேரும்வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்க்ராட்ச் இணைய உலாவியிலேயே இயங்குகிறது. கோடோ என்னும் இலவச மென்பொருளைச் சாதாரணக் கணினியிலும் நிறுவிச் சிறிய விளையாட்டுகளைச் செய்து பார்க்கலாம். இரண்டு ஆண்டு அப்படிச் செய்து பார்த்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், தெம்பனிஸ் அவென்யூ 1இலேயே தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. விளையாட்டு உருவாக்கத்தை அங்கே முறையாகக் கற்கலாம். எத்தகைய கணினி தேவை என்பதும் அப்போதுதான் சரியாகத் தெரியும். இன்று ஊகித்து வாங்கினால், அது பழையதாகிப்போகும் நேரத்தில்தான் உண்மையான தேவை பிறக்கும்.

ஆகவே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெரும்பாலான மாணவர்களுக்குக் கன்சோலே பொருத்தமானது. அதிலும் குறுந்தட்டு போடும் வகை. தொடக்கத்தில் இரண்டு வகைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு 130 வெள்ளி. அதை மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தட்டு வசதி இல்லாததை வாங்குபவர், விளையாட்டுகளை இணையத்தில் மட்டுமே வாங்க முடியும். முடித்த பிறகு அவற்றை யாருக்கும் விற்க முடியாது. தட்டாக வாங்கியதை விற்கலாம், வகுப்புத் தோழருடன் மாற்றிக்கொள்ளலாம், இரவல் கொடுக்கலாம். நான்கு விளையாட்டுகளை இப்படிக் கைமாற்றினாலே அந்த 130 வெள்ளி திரும்பிவிடும். கணினிக்கான சேமிப்பைத் தேர்வு முடிந்த பிறகு தொடரலாம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் பகுதிநேர வேலைக்குப் போகும் உயர்நிலை நான்கு மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். சொந்த உழைப்பில் வந்த பணத்துடன் டவுன்டவுன் ரயிலில் ஏறி, ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேரில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகங்களின் விலையைக் கேட்டு, அப்படியே தேக்காவுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம். அந்த வயதில் அந்த அலைச்சலே ஒரு பாடம்தான்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். “இப்போது வாங்கிப் பிறகு செலுத்தலாம்” என்று பொருளின் விலைக்கு அடியில் சிறு எழுத்தில் ஒரு தவணைத் தொகை போட்டிருக்கும். இத்திட்டங்கள் 18 வயது நிரம்பியவர்களுக்கானவை. மாணவர் அதில் சேர முடியாததால் அக்காவின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ கணக்குத் திறக்கப்படும். தவணை தவறினால் தாமதக் கட்டணம் அவர்கள் தலையில் விழும். விளையாடுபவர் வேறு ஒருவர்.

புதியதாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 2012இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட கேரோசல் தளத்தில் பயன்படுத்திய கன்சோல்கள் எப்போதும் விற்பனைக்கு இருக்கும். விற்பவர்கள் எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கவே விரும்புவார்கள். தட்டு சுழல்கிறதா, கைப்பிடியின் குமிழ் தானாக நகர்கிறதா, விசிறி அளவுக்கு மீறி இரைகிறதா என்பதையெல்லாம் மின்சாரத்தில் இணைத்துப் பார்த்தால்தான் அறிய முடியும். நிலைய வாயிலில் அதற்கு வழியில்லை. பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு விற்பவரின் வீட்டுக்கே சென்று, கால் மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம். மறுநாளே அதே பேட்டையில் வேறொருவர் விற்பார்.