சத்திரசிகிச்சைக்குப் பின் ஆகாயப் பயணம்

பாலையூற்றிலும் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஏனைய ஊர்களிலும், பிள்ளைகளுள் ஒருவரேனும் கடல்கடந்து வாழாத வீடு இன்று அரிது. மகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பிரசவத்துக்கு நாளெண்ணிக் கொண்டிருக்கிறாள்; தாய்க்குப் பயணச்சீட்டும் வந்துவிட்டது. தாயோ இரண்டாண்டுகளுக்கு முன் மகரகமவில் மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். "விமானத்தில் ஏறினால் கை யானைக்கால் போல் வீங்கிவிடுமாம்" என்று அயலார் ஒருவர் சொல்லிவிடுகிறார். சீட்டு மேசைக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. இவ்வாறு நின்றுபோன பயணங்களை நாம் அறிவோம். அச்சொல்லில் எத்துணை உண்மை உண்டு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

உடலில் இரத்தக் குழாய்களோடு நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. தசைகளுக்கிடையே கசிந்த நீரை மீண்டும் இரத்தத்திற் சேர்ப்பது அவற்றின் தொழில். கையிலிருந்து வரும் குழாய்கள் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுக்களின் வழியே செல்கின்றன. மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வைத்தியர் அம்முடிச்சுக்களுட் சிலவற்றையோ பலவற்றையோ அகற்றுவதுண்டு. கதிர்ச் சிகிச்சையும் அவ்விடத்தை இறுகச் செய்யலாம். அதன்பின், வாய்க்கால் அடைபட்ட வயலைப் போல, கையில் நீர் தேங்க இடமுண்டு. அவ்வீக்கம் மாதங்கள் கழிந்தும் தோன்றலாம். ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். எல்லோர்க்கும் தோன்றுவதன்று. யானைக்கால் நோயோ வேறு. அது நுளம்பு பரப்பும் புழுவால் வருவது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது.

விமானத்தின்மேற் பழி விழுந்தது காற்றமுக்கத்தால். உயரப் பறக்கும் விமானத்தினுள்ளே அமுக்கம் தரையிலுள்ளதினும் குறைவு. 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலையில் இருப்பதற்கு அது ஏறத்தாழ ஒப்பாகும். அமுக்கம் குறைந்தால் நீர் மேலும் தேங்கும் என எண்ணினர். எண்ணம் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் நுவரெலியா நகரம் 6,100 அடிக்குமேல் அமைந்தது. பீதுருதாலகால மலையுச்சி 8,281 அடி உயரமுடையது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணை நுவரெலியாவுக்குப் போகாதே என எவரும் தடுப்பதில்லையே!

ஊகத்தைவிட்டு அளந்து பார்த்தோரும் உளர். 1996இல் கனடாவின் வன்கூவர் நகரில் மக்கென்சி என்னும் வைத்தியர், மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 24 பெண்களை நீண்ட துடுப்புப் படகில் ஏற்றிப் பயிற்றினார். கை வீங்கும் என்று பலர் அஞ்சினர். ஒருவருக்கும் புதிதாக வீங்கவில்லை. அதிலிருந்து எழுந்த படகுக் குழுக்கள் உலகெங்கும் பரவின. பின்னர் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நிகழ்ந்த படகுப் போட்டியொன்றுக்குப் பறந்துசென்ற 72 பெண்களின் கைகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளந்தனர். அவருள் 60 பேர் கனடாவிலிருந்து வந்தவர். நூற்றுக்கு 95 பேருக்குப் பயணத்தால் கெடுதியில்லை என 2010இல் வெளியான அவ்வாய்வு கூறிற்று. 2016இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர்கள் 632 பெண்களிடம் எடுத்த 3,041 அளவுகளை வெளியிட்டனர். விமானப் பயணத்துக்கும் கைவீக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு காணப்பட்டவை வேறு: அக்குள் முடிச்சுக்களைப் பெருமளவில் அகற்றியமை, மிகையான உடற்பருமன், தோலில் ஏற்பட்ட கிருமித்தொற்று.

ஆகவே காவல் செய்யவேண்டிய இடம் தோலே. மீன்முள் குத்தல், நகக்கண் கிழிதல், நுளம்புக்கடி ஆகியவற்றைச் சிறியனவென்று தள்ளாது சவர்க்காரமிட்டுக் கழுவி, கிருமிகொல்லி மருந்து பூசுதல் வேண்டும். கை சிவந்து சுட்டுக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்க. பயணம் முடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

கை ஏற்கெனவே வீங்கியிருப்போர் தமக்கென அளவெடுத்த அமுக்க உறையை ஏறுமுன் அணிந்து, இறங்கிய பின்னும் சிறிது நேரம் அணிந்திருத்தல் நலம். வீக்கமே இல்லாதவர் பிறர் உறையை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளல் வேண்டா. பொருந்தாத உறை ஓரிடத்தை இறுக்கித் தீங்கும் செய்யும். மோதிரத்தையும் இறுகிய காப்பையும் வீட்டிலேயே கழற்றி வைக்கலாம். இருக்கையில் இருந்தபடியே விரல்களை மடக்கி விரிப்பதும், இடையிடையே எழுந்து நடப்பதும், நீர் அருந்துவதும் கைக்கு மட்டுமன்றிக் காலுக்கும் நன்று. புற்றுநோய் கண்டவர்க்குக் காலில் இரத்தம் உறையும் இடர் சற்று மிகுதி. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ அது அவசர நிலை.

இனிப் பெட்டி. மிளகாய்த்தூள், ஒடியல்மா, கருவாடு என்று பேரப்பிள்ளைக்கு ஊரையே கட்டிச் செல்வது நம் தாய்மாரின் வழக்கம். பாரம் தூக்குதலே ஆகாதென்பதன்று; வாரம் இருமுறை மேற்பார்வையுடன் சிறிது சிறிதாகப் பாரம் கூட்டிப் பயின்ற பெண்களுக்குக் கை வீக்கம் மோசமடைவது குறைந்ததென 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பயிலாத கையால் ஒரேநாளிற் பெரும்பாரத்தை இழுப்பது வேறு. பாலையூற்றிலிருந்து கட்டுநாயக்கா வரையான ஐந்தாறு மணி நேர வீதிப் பயணமும் பெட்டி ஏற்றி இறக்கலும் விமானத்தினும் அதிகமாகவே கையை வருத்தும் என்பது நம் கருத்து. பெட்டியை மருமகனோ மகனோ தூக்கட்டும்.

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் கையைப் பற்றியவை. கருப்பைப் புற்றுநோய் முதலியவற்றுக்காக இடுப்பு முடிச்சுக்களையோ தொடையிடுக்கு முடிச்சுக்களையோ அகற்றியோரும், சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனோரும் தம் வைத்தியரின் சம்மதம் பெற்றே புறப்படுக. மற்றையோர் தையல் அளவுநாடாவால் இரு கைகளையும் மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் கீழும் அளந்து ஏட்டில் குறித்துக்கொள்க. திரும்பி வந்து இரண்டு வாரங்களில் அதே இடங்களில் மறுபடியும் அளந்து, வேறுபாடு கண்டால் அந்த ஏட்டையே சிகிச்சை நிலையத்துக்கு எடுத்துச் செல்க.