போர்முனைக்கு முன் ஒரு வகுப்பறை

போர்ப் படம் என்றால் பீரங்கி முழக்கமும் வெற்றிக் கொடியும் இருக்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். 1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற அமெரிக்கப் படமோ, தொடக்கத்திலேயே நம்மை ஒரு வகுப்பறைக்கு அழைத்துச் செல்கிறது. எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானியர் 1929-இல் நூலாக வெளியிட்ட நாவலே இதன் மூலக்கதை.

முதல் உலகப் போர் மூண்ட நேரம். கான்டோரெக் என்னும் ஆசிரியர் தாய்நாட்டின் பெருமையை மழையெனப் பொழிகிறார். மாணவர்கள் படிப்பை உதறிவிட்டுப் பட்டாளத்தில் சேர ஓடுகிறார்கள். அங்கே அவர்கள் கண்டதென்ன? நேற்றுவரை ஊரில் தபால் கொடுத்தவர், அதிகாரியாகி அவர்களைச் சேற்றில் புரட்டி எடுக்கிறார். பதுங்குகுழியிலோ எலியும் பசியும்! காலை இழந்து இறந்த நண்பனின் பூட்ஸ் அடுத்தவனுக்குப் போகிறது. அவனும் வீழ, இன்னொருவனுக்குப் போகிறது.

விடுப்பில் ஊர் திரும்பும் பால் என்ற வீரன், தான் படித்த அதே வகுப்பறைக்குச் செல்கிறான். அதே ஆசிரியர், அதே உரை. எதிரே இன்னும் இளைய மாணவர்கள். களத்தில் கண்டதை அவன் சொல்கிறான். கிடைத்த பட்டம் ‘கோழை’! படத்தில் மிகக் கொடிய காட்சி எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

“அப்படியானால் நாட்டைக் காக்க வேண்டாமா?” என்று நண்பர்கள் கேட்கலாம். காக்கத்தான் வேண்டும். படம் வீரனைப் பழிக்கவில்லை. தான் போகாத களத்துக்குப் பிறர் பிள்ளைகளை அனுப்பும் நாவன்மையைத்தான் பழிக்கிறது. இந்த உண்மை யாரைச் சுட்டது என்பதற்கு வரலாறே சான்று. 1930 டிசம்பரில் பெர்லினில் இப்படம் திரையிடப்பட்டபோது, கோயபல்ஸ் தலைமையில் வந்த நாஜிகள் அரங்கில் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டனர். சில நாட்களிலேயே படம் தடை செய்யப்பட்டது. 1933-இல் நாவல் தீக்கிரையானது. 1939-இல் மீண்டும் உலகப் போர்!

பாலாக நடித்த லூ ஏர்ஸ், அந்தப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். ஆனால் ஒளிந்துகொள்ளவில்லை, பசிபிக் போர்முனையில் மருத்துவப் பணியாளராகக் காயமுற்றோருக்குத் தொண்டாற்றினார். அவரைக் கோழை என்போமா?

மேடை முழக்கத்துக்குக் கைதட்டுமுன், பேசுபவர் எதை அறிந்து பேசுகிறார் என்று எண்ணிப் பார்ப்போம். களத்திலிருந்து திரும்பியவன் பேசினால், குறுக்கிடாமல் கேட்போம். இக்கடமை கற்போருக்கு மட்டுமன்று, கற்பிப்போருக்கும் உரியது என்பதே என் கருத்து.