தீர்ப்பின்றியே பறிபோகும் உரிமை

உணவு உதவி பெறப் பொய்த் தகவல் அளித்ததற்கான பழைய தண்டனையைக் காட்டி ஒருவரின் துப்பாக்கி உரிமையைப் பறிக்கவியலாது என 2023இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இங்கோ, ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்பே இல்லாமல் நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க ஆணையிடப்பட்டவருக்கும் பிணைக்காலம் முழுவதும் தடை விதிக்கிறது.

வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பாதுகாப்புக்குத் தேவையெனில் ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3ஆம் விதி. அந்தப் பாதுகாப்பை ஒரு பிணை ஆணை முடக்கிவிடும்.

காவல் துணை ஆணையர்களுக்கு அவ்வாணை பிறப்பிக்கும் அதிகாரமளித்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் நீக்கியது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே: உரிம மறுப்பை மட்டுமன்று, அதற்கு முன்வரும் பிணை ஆணையையே எதிர்த்து வழக்காட வேண்டும்.