‘பனிக்கட்டி மனிதர்’ ஏன் மட்டையைக் கீழே வைத்தார்?

விளையாட்டுப் பக்கம் எழுதும் பெரிய பத்திரிகைகளிடம் ஒரு பழைய புதிர் இருக்கிறது. சுவீடன் நாட்டு டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க் 1983 ஜனவரியில், தமது 26வது வயதில், ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். விம்பிள்டன் பட்டத்தை 1976 முதல் 1980 வரை விடாமல் ஐந்து வருஷம் வென்றவர். பிரெஞ்சுப் பட்டத்தை ஆறு தடவை வென்றவர். இப்படிப்பட்டவர் உச்சியில் இருக்கும்போதே ஏன் போனார்? மனம் சலித்தது என்றார்கள், தோல்வி பொறுக்கவில்லை என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதரின் மனத்தைத்தான் தோண்டுகிறார்களே தவிர, அவர் செய்த வேலையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு இதில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை என்பது நம் எண்ணம்.

போர்க் 1956ல் பிறந்தவர். வளர்ந்த ஊர் சோடெர்டேல்யே. ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில்தான் ஸ்கேனியா லாரிகள் தயாராகின்றன. தகப்பனார் மேஜைப் பந்துப் போட்டி ஒன்றில் பரிசாகப் பெற்று வந்த டென்னிஸ் மட்டை பையன் கைக்கு வந்தது. வீட்டுக் கார் கொட்டகையின் கதவில் பந்தை அடித்து அடித்தே பழகினான். சிறு வயதில் மகா கோபக்காரன்; மட்டையை வீசி எறிவான், வாய்க்கு வந்தபடி திட்டுவான். சங்கத்தார் சில மாதம் அவனை விலக்கியே வைத்தார்கள். அதன் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு ஆடக் கற்றான். ஆகவே, பின்னாளில் ‘பனிக்கட்டி மனிதர்’ என்று உலகம் புகழ்ந்த அந்த மௌனம் பிறவிக் குணமல்ல, பயின்று கொண்டது. பள்ளிப் படிப்பை விட்டு, 15 வயதில், 1972ல், நாட்டுக்கு நாடு மோதும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இறங்கினார்.

வாய் திறக்காத ஆட்டக்காரர் என்றால் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். அவர் மேல் எதை ஒட்டினாலும் ஒட்டும். நெற்றிப் பட்டையில் டூபோர்க் பீர், தோளில் எஸ்.ஏ.எஸ். விமானக் கம்பெனி, உடம்பில் ஃபிலா சட்டை, காலில் டியாடோரா ஜோடு, கையில் பெல்ஜியத்து டோனே மட்டை. தலை முதல் கால் வரை விலை பேசப்பட்ட மனிதர். பேரம் பேசியது அமெரிக்காவின் மார்க் மெக்கார்மாக் நடத்திய ஏஜென்சி. இதைச் சொல்வதால் போர்க்கைக் கூலிக்காரர் வரிசையில் சேர்க்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கோடி கோடியாகச் சம்பாதித்தார். சுவீடனின் வரியைக் கட்ட மனமில்லாமல் மான்டி கார்லோவுக்குக் குடியும் போனார். அந்தச் சுவீடன் மக்களின் வரியில்தானே பள்ளியும் விளையாட்டு மைதானமும் நடந்தன!

அந்த மௌனம் வேறொரு இடத்திலும் பயன்பட்டது. 1973ல் சிலியில் அலெண்டே ஆட்சியைக் கவிழ்த்த ராணுவக் கும்பல், சாந்தியாகோ நகர விளையாட்டு அரங்கையே சிறைக்கூடமாக்கியது. இரண்டே வருஷத்தில், 1975 செப்டம்பரில், அதே சிலியின் அணி டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்காகச் சுவீடனின் போஸ்டாட் ஊருக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1968ல் நிறவெறி ரொடீஷியாவுடன் நடக்கவிருந்த ஆட்டத்தை இதே ஊரில் இளைஞர்கள் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். அது பிரான்சுக்கு மாற்றப்பட்டது. இந்தத் தடவை பெரும் போலீஸ் காவலுடன் ஆட்டம் நடந்தது. சிலி ராணுவ ஆட்சியைக் கண்டித்துப் பேசிய பால்மேயின் சர்க்கார்தான் அப்போது பதவியில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர்க் வந்தார், ஆடினார், ஜெயித்தார். சுவீடன் அந்த வருஷம் கோப்பையையும் வென்றது. பத்தொன்பது வயதுப் பையனைக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. ஆனால் அதற்கு முந்தைய வருஷம், 1974ல், இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்ட இந்தியா, நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மாட்டோம் என்று கோப்பையையே விட்டுக் கொடுத்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. அதே 1974ல் விஜய் அமிர்தராஜ் அமெரிக்கப் போட்டியில் போர்க்கைத் தோற்கடித்தவர். கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தும் ஆடாமல் நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி வேலைக் கணக்குக்கு வருவோம். பாரிஸில் மண் தரை. சில வாரங்களில் விம்பிள்டனில் புல் தரை. தரை மாறினால் பந்து எழும்பும் விதமே மாறும். தறியை மாற்றிப் புது ரகம் ஓட்டுவது போல உடம்பை மாற்றிப் பழக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோடையில் வெல்வதை 1978, 1979, 1980 என்று மூன்று வருஷம் செய்தார். 1980 விம்பிள்டன் இறுதி ஆட்டம் 3 மணி 53 நிமிஷம் நடந்தது. எதிரே அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோ. நான்காம் செட்டில் மட்டும் ஏழு தடவை, ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலையில் நின்று நழுவவிட்டார். அந்த செட் 16–18 என்ற டைபிரேக்கில் போயிற்று. மறுபடி நின்று ஐந்தாவதை 8–6 என்று முடித்தார். இடையிடையே காசுக்காகக் காட்சி ஆட்டங்கள் வேறு. 1981 செப்டம்பரில் அமெரிக்க இறுதி ஆட்டத்தில் மெக்கன்ரோவிடம் தோற்றதும், பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் மைதானத்தை விட்டு நடந்தார்.

சில மாதம் ஓய்வு வேண்டும், 1982ல் குறைவாக ஆடுகிறேன் என்றார். தொழில்முறை டென்னிஸை ஆண்ட கவுன்சில், வருஷத்துக்குப் பத்துப் போட்டிகளாவது ஆடு, இல்லையேல் தகுதிச் சுற்றிலிருந்து வா என்றது. ஐந்து தடவை விம்பிள்டன் வென்றவருக்கு, கேட்டில் நின்று டோக்கன் வாங்கும் பதிலி ஆளின் நிலை! அந்த வருஷம் மான்டி கார்லோவில் அப்படியே தகுதிச் சுற்று ஆடவும் ஆடினார். விதிக்கும் ஒரு நியாயம் உண்டுதான். பேர் பெற்றவர்கள் காட்சி ஆட்டத்துக்கே ஓடிவிட்டால் மற்றப் போட்டிகள் என்னாவது? ஆனால் பதினைந்து வயதிலிருந்து ஓடிய உடம்புக்கு ஓய்வு என்ற பேச்சே அந்த விதியில் இல்லை. வேலையை விட்டால்தான் ஓய்வு என்று ஆன பிறகு, வேலையை விட்டார். அவருக்குக் கையில் பணம் இருந்தது, விட முடிந்தது. அந்த வசதி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1991ல் திரும்பி வந்தார், பழைய மர மட்டையுடன். அதற்குள் உலகம் கிராஃபைட் மட்டைக்கு மாறியிருந்தது. மர மட்டைக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த டோனே கம்பெனியே 1988ல் திவாலாகிவிட்டது. மான்டி கார்லோவில் ஸ்பெயினின் ஜோர்டி அரேசேயிடம் இரண்டே செட்டில் தோற்றார். மட்டையை மாற்றியும் 1993 வரை தொழில்முறைப் போட்டி ஆட்டம் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. இயந்திரம் மாறிய ஆலையில் பழைய கைத்திறன் படும் பாடு அது.

துணி வியாபாரமும் நொடித்தது. 2006ல் விம்பிள்டன் கோப்பைகளை லண்டனில் ஏலத்துக்கு அனுப்பினார். பழைய எதிராளி மெக்கன்ரோ உட்படப் பலர் வேண்டாம் என்று சொன்ன பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அதே 2006ல், அவர் பெயரைப் போட்டு உள்ளாடை விற்றுவந்த சுவீடன் கம்பெனி, அந்தப் பெயரின் வியாபார உரிமையை விலைக்கு வாங்கிவிட்டது. கோப்பைகள் வீட்டுக்குத் திரும்பின. பெயர் கம்பெனியின் சொத்தாக இருக்கிறது.