கணினி சொல்வதே இறுதித் தீர்ப்பா?

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில் 102 வயது முதியவர் ஒருவர், ரூபாய் நோட்டு மாலை அணிந்து, மாப்பிள்ளை ஊர்வலம்போல் ரதத்தில் வந்தார். 'உங்கள் அத்தையின் கணவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்' என்றது பதாகை. அரசின் குடும்ப அடையாளத் தரவுத்தளம் அவரை இறந்தவராகக் காட்டியதால் முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. அந்தத் தரவுகளைக் கொண்டு ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட 63,353 பேரில் 44,050 பேர் தகுதியுடையவர்களே என்று 2023 ஆகஸ்டில் மாநில அரசே சட்டமன்றத்தில் தெரிவித்தது.

தெலங்கானா இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்குள்ள 'சமக்ர வேதிகா' மென்பொருள் பல துறைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு, பெயரும் முகவரியும் ஒத்திருந்தால் இருவரையும் ஒருவரே என்று கணிக்கிறது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்தவரின் குடும்பம் கார் வைத்திருப்பதாக அது காட்டியது. ரேஷன் அட்டை பறிபோனது. 2016 முதல் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. முதலில் பரிசீலிக்கப்பட்ட சுமார் 2 லட்சம் விண்ணப்பங்களிலேயே 15,471 குடும்பங்கள் தகுதியானவை எனத் தெரிந்தது. மென்பொருளின் மூல நிரலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, தனியார் நிறுவனத்தின் உரிமையைக் காரணம் காட்டி மறுத்தார்கள்.

2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ரூ.10,300 கோடிக்கு மேற்பட்ட செலவில் செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. திறன் பயிற்சியும் அதன் ஓர் அங்கம். கருவியை இயக்கக் கற்பது நல்லதே. உழைப்பாளி மக்கள் அறிவியலுக்குப் பகைவர்கள் அல்லர். ஆனால் கருவியை இயக்கத் தெரிவது மட்டுமே அதைப் பற்றிய எழுத்தறிவு ஆகிவிடாது.

கையெழுத்துப் போடக் கற்றவர், கந்துவட்டிக்காரன் நீட்டும் பத்திரத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் கைநாட்டு வைத்தவரைவிட எந்த வகையில் மேலானவர்? இயந்திரத்திடம் கேள்வி கேட்கத் தெரிந்தும், அது தன்னைப் பற்றி எடுக்கும் முடிவைக் கேள்வி கேட்கத் தெரியாதவரின் நிலையும் அதுவே. இயந்திரம் உண்மையை நேரில் அறிவதில்லை; பழைய பதிவுகளிலிருந்து ஊகிக்கிறது. பதிவில் உள்ள பிழை ஊகத்திலும் தொடரும். அந்த ஊகத்தை ஆணையாக்கிக் கையொப்பமிடுபவர் மனிதரே. 'கணினி காட்டுகிறது' என்னும் சொல்லுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள இடம் தரலாகாது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டிய பாடம் நான்கு கேள்விகளில் அடங்கும். எந்தப் பதிவின் அடிப்படையில் இம்முடிவு எடுக்கப்பட்டது? நீக்குவதற்கு முன் ஏன் அறிவிப்பு தரவில்லை? பொறுப்பான அதிகாரி யார்? மேல்முறையீடு எங்கே? இவற்றை எழுத்தில் கேட்கவும், பதிலை எழுத்தில் பெறவும் பழக்க வேண்டும். தகுதியை மெய்ப்பிக்கும் சுமையை ஏழையின் தோளில் ஏற்றாமல், தகுதியின்மையை மெய்ப்பிக்கும் கடமையை அரசின்மீது சுமத்தும் சட்டத்துக்காகப் போராட வேண்டும்.

உயிரோடிருக்கும் முதியவர் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க ரதம் ஏற நேர்ந்தது. கேட்கத் தெரிந்த, அமைப்பாகத் திரண்ட மக்கள் இருக்கும் ஊரில் அந்த ரதத்துக்கு வேலை இராது.